அமாக்சிசிலின்–கிளாவுலனிக் ஆசிட் டிரை சிரப், 30 மி.லி: மருந்து நல்லது, மூடிதான் சரியில்லை

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பொடி பாட்டில்தான். முதலில் லேபிளைப் படியுங்கள். 5 மி.லி.க்கு 228.5 மி.கி. ஒன்று, 457 மி.கி. இன்னொன்று. சீட்டில் எழுதியது இல்லையென்று கடைக்காரர் மற்றதைக் கொடுத்து, அளவை மாற்றாமல் ஊற்றினால் டோஸ் இரட்டிப்பாகிவிடும், இல்லையேல் பாதியாகிவிடும்.

கலக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணியானாலும் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சூட்டில் மருந்து கெடும். பாட்டிலில் உள்ள கோட்டுக்குக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்புங்கள். நுரையைப் பார்த்து நிறுத்தினால் மருந்து கெட்டியாகி, டோஸ் கூடிவிடும்.

மூடியில் 2.5, 5 என்றுதான் கோடு. டாக்டர் எடை பார்த்து 3.5 மி.லி. எழுதினால் என்ன செய்வது? ஊசியில்லாத சிரிஞ்சு தனியாக வாங்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் குலுக்கி, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிறு தாங்கும்; லேசான பேதி சகஜம். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு என்றால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

கலக்கியது ஃபிரிட்ஜில் 7 நாள்தான் தாங்கும், கதவுத்தட்டில் வேண்டாம். வேளைக்கு 5 மி.லி. வீதம் தினம் இரண்டு வேளை என்றால் ஒரு பாட்டில் 3 நாளில் தீரும். 5 நாள் கோர்ஸுக்கு இரண்டு வாங்கி, இரண்டாவதை முதல் பாட்டில் தீர்ந்ததும் கலக்குங்கள்.