கீச்சிடும் பழைய காருக்கு சிலிகான் ஸ்ப்ரே: எங்கே தீரும், எங்கே ஏமாற்றும்

பத்து வருடம் ஓடிய ஹேட்ச்பேக் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீச்சிட்டால், பெரும்பாலோர் முதலில் தேடுவது ஒரு ஸ்ப்ரே டப்பாவை. அது சிலிகான் ஸ்ப்ரேயாக இருந்தால் தேவலை. கார் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்காது என்பதுதான் இதன் பெரிய பலம். கதவு பீடிங், அதாவது ஓரத்து ரப்பர் பட்டை, பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். சஸ்பென்ஷன் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் இணையும் இடத்து ரப்பர் உருளை, பெரும்பாலும் இயற்கை ரப்பர். இரண்டுக்கும் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது; ஊறி உப்பிவிடும். இன்ஜின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ புஷ்ஷில் தடவக் கூடாது என்பது அதனால்தான். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற டபிள்யூடி-40-ம் இங்கே வேண்டாம். அந்த நிறுவனமே சிலிகான் ஸ்ப்ரேயைத் தனி டப்பாவில் விற்கிறதே!

டப்பாவைத் திறக்குமுன் ஒரு பாட்டில் தண்ணீரை எடுங்கள். ஒருவர் காரின் மூலையை அழுத்தி அழுத்தி விட, இன்னொருவர் சந்தேகமான புஷ்மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பினால் ஆள் அகப்பட்டாயிற்று. ஒரே நேரத்தில் ஒரு புஷ் மட்டும். எல்லாவற்றையும் நனைத்தால் எது என்று தெரியாமல் போய்விடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்.

ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) புஷ் என்றால் ஸ்ப்ரே உடனே பலன் தரும், ஆனால் சில மழைக்குள் கழுவிப் போய்விடும். சத்தம் வருவது பாருக்கும் ரப்பருக்கும் இடையில் மண் புகுந்து உரசுவதால். மேலே அடிப்பது அங்கே சரியாகப் போய்ச் சேராது. இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி காரை நிறுத்தி, கிளாம்ப்பைக் கழற்றி, பாரைத் துடைத்து, புஷ்ஷின் உட்புறம் கெட்டியான சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டினால் பலன் நீடிக்கும். ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்தால் பார் முறுகி நின்று கிளாம்ப்பை உட்கார விடாது. புஷ்ஷின் துளை தேய்ந்து பார் ஆடினால் கிரீஸ் வீண், புது ஜோடி போடுங்கள். பாரோடு ஒட்டியே வரும் புஷ் உள்ள கார்களுக்கு இந்த வேலை பொருந்தாது.

சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், அதன் புஷ் வேறு சாதி. அதில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். வழுக்காது, முறுகி மீளும். அது கீச்சிட்டால் ஒட்டு விட்டுவிட்டது என்றுதான் சந்தேகிக்க வேண்டும். அங்கே சிலிகான் அடிப்பது நோயை விட்டுவிட்டு முனகலை மட்டும் அடக்குவது. மாற்றும்போது நடுப் போல்ட்டை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புது ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பணிமனைகள் அவசரத்தில் விடும் பிழை இதுதான்.

இந்த ஸ்ப்ரே முழு மதிப்பெண் வாங்கும் இடம் பின்கதவு. ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் பெரிய ஓட்டை என்பதால் பாடி சற்றே முறுகும், கதவு அதற்குள் அசையும். வேகத்தடையில் சாய்வாக, மெதுவாக ஏறிப் பாருங்கள். சத்தம் கூடினால் சந்தேகம் இங்கே. முதலில் பார்சல் டிரேயை (பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடுபலகை) எடுத்துவிட்டு ஓட்டுங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். அடுத்து, பூட்டு கவ்வும் இரும்பு வளையத்தில் துணி டேப்பை ஒரு சுற்று சுற்றி ஓட்டுங்கள். சத்தம் போனால் பூட்டில் தளர்வு: இரு ஓரத்து ரப்பர் நிறுத்திகள் திருகும் வகை என்றால் அரை அரைச் சுற்றாக வெளியே நீளும்படி திருகி, கதவு இறுக்கமாக, ஆனால் ஓங்கி அறையாமல் மூடும்படி வையுங்கள். பூட்டின் உலோகத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். பீடிங்குக்கு மட்டும் சிலிகான்: சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, துணியில் அடித்துத் தேயுங்கள். நேரடியாக அடித்தால் கண்ணாடியில் படிந்து வைப்பர் இழுக்கும்போது மங்கும்.

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் டேஷ்போர்டு விளிம்புக்கு ஸ்ப்ரேயைவிட ஃபெல்ட் டேப் நீடிக்கும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் வீலென்று கத்துவது பெல்ட். அதில் சிலிகான் அடிப்பவர்களை என்ன சொல்வது? வழுக்கிக் கத்துகிற பெல்ட்டை இன்னும் வழுக்கவிடுவார்கள். ஓடும் பெல்ட்டின் பள்ளப் பக்கம், கையும் ஆடையும் விலகியிருக்க, தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. கூடினால் இறுக்கம் போதவில்லை.

டிஸ்க், பேட், பெடல் ரப்பர், ஸ்டீயரிங் பக்கம் இந்த டப்பாவே போகக் கூடாது. பிரேக் அருகே வேலை இருந்தால் குழாயில் வரும் கிரீஸைத்தான் எடுக்க வேண்டும். பெயின்ட் அடிக்கப்போகும் கார் என்றால் அந்த வேலை முடிகிற வரை சிலிகானைத் திறக்காதீர்கள். மிச்சம் துளி இருந்தாலும் பெயின்ட் விலகி மீன்கண் போலக் குழி விழும்.