துரை பங்களா விடுதி: தேநீர் சிறப்பு, கூத்து குறை

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரையின் பழைய பங்களா ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அறைகள் நன்று. காலையில் தந்த தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் நன்று, சம்பலில் காரம்தான் வெள்ளைக்காரருக்காகக் குறைக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டிய இளைஞர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர். கொழுந்தை வாட்டுவது தொடங்கித் தூளைத் தரம் பிரிப்பது வரை அவர் தந்த விளக்கத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

நெருடுவது, விடுதி தனிக் கட்டணத்துக்கு விற்கும் ‘தோட்ட அனுபவம்’. விருந்தினருக்குப் பட்டுச் சேலை உடுத்தி, முதுகில் புதுக் கூடை மாட்டி, தேயிலை நிரையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எதிர் மலையில் உண்மையாகவே கொழுந்து பறிக்கும் பெண்கள், இடுப்பில் படங்கு என்ற முரட்டு விரிப்பைக் கட்டி, அன்றைய ‘பேர்’, அதாவது முழு நாள் சம்பளம், விழுவதற்கான கிலோவை நிரப்ப விரைந்துகொண்டிருக்கிறார்கள். மூடுபனியும் பச்சை மலையும் தொலைதூரத்தாரைக் கவர்வது இயல்பே. அந்தக் கவர்ச்சியால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அழகுக்கு ஒத்துவராத அனைத்தையும் இங்கே கவனமாக விலக்கியிருக்கிறார்கள். நடைக்கூடச் சுவரில், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட கதை விரிவாக உள்ளது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய புகைப்படங்களில் துரைமாருக்குப் பெயர் உண்டு, கூடை சுமந்தவர்களுக்கு இல்லை.

இரவு உணவின்போது காமன் கூத்து என்று கால் மணி நேர ஆட்டம் ஒன்று நடந்தது. மாசியில் காமன் கம்பம் நட்டு, காப்புக் கட்டி விரதமிருந்து, லயம் லயமாக ஆடி, கடைசி இரவில் மதனை எரித்து ரதி புலம்ப, ஊரே விழித்திருக்கும் கூத்து அது. இங்கே எரிப்பும் இல்லை, புலம்பலும் இல்லை. சோகம் விருந்தினரின் பசியைக் கெடுக்கும் என்று எண்ணினார்கள் போலும். தப்புப் பறை அடித்தவர்கள் வல்லவர்கள். அவர்கள் யார், எந்தத் தோட்டத்தார் என்று அறிவிக்கக்கூட எவரும் முன்வரவில்லை.

தங்குவதற்கும் தேநீருக்கும் தாராளமாகப் போகலாம். சேலைப் படத்துக்குக் கேட்கும் கட்டணத்தைத் தவிர்த்து, அந்த இளைஞருடன் கூடுதலாக ஒரு மணி நேரம் நடக்கக் கேளுங்கள். கூத்து பார்க்க விரும்புவோர் மாசியில் வருவது நல்லது. இந்தத் திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்குச் சுவை கூடும் பருவமும் ஏறத்தாழ அதுவே. எந்தத் தோட்டத்தில் காமன் நட்டிருக்கிறார்கள் என்று விடுதிப் பணியாளரையே கேட்கலாம், அவர்களில் பலர் அந்த இரவுக்கு விடுப்புக் கேட்டிருப்பார்கள்.