சிசிலியைப் பற்றி ஒரு குற்றப் புனைவும் ஓர் அரசியல் நூலும்

லியோனார்தோ ஷாஷா 1961-இல் எழுதிய 'தி டே ஆஃப் தி அவுல்' நாவலையும், அலெக்சாண்டர் ஸ்டில் 1995-இல் வெளியிட்ட 'எக்ஸலன்ட் கடாவர்ஸ்' நூலையும் அண்மையில் ஆங்கிலத்தில் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டும் இத்தாலியின் சிசிலித் தீவில் இயங்கும் மாஃபியாவைப் பற்றியவை.

நாவலில், விடியற்காலையில் பேருந்தில் ஏற வந்த கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரணை தொடங்குவதற்குள் பயணிகள் நழுவிவிடுகிறார்கள். அருகிலேயே பலகாரம் விற்றுக்கொண்டிருந்தவரோ, யாராவது சுட்டார்களா என்று காவலரையே திருப்பிக் கேட்கிறார். சுட்டவன் யார் என்பதை ஷாஷா நெடுநேரம் மறைப்பதில்லை. ஊர் ஏன் வாய் திறக்கவில்லை, ரோமில் அதிகாரத்தில் இருப்பவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பவையே அவருடைய கேள்விகள். வடக்கேயுள்ள பார்மாவிலிருந்து வந்த காவல் அதிகாரி பெல்லோதி, ஊர்ப் பெரிய மனிதரை விசாரிக்கும்போது, சட்டத்தை ஒதுக்கிவைத்து அடக்குமுறையில் இறங்குவதைவிட, வங்கிக் கணக்குகளையும் நிறுவனங்களின் பேரேடுகளையும் புரட்டிப் பார்ப்பதே இவர்களைப் பிடிக்கும் வழி என்று எண்ணும் இடத்தை நான் மூன்று முறை படித்தேன்.

ஏனெனில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனே சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் செய்தது அதுதான்; ஸ்டிலின் நூல் சொல்வது அந்தக் கதையைத்தான். காசோலைகளையும் பணமாற்று ரசீதுகளையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று அவர் எழுப்பிய வழக்கு, 1986 பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு வந்து, 1987 டிசம்பரில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை வாங்கித் தந்தது. உச்ச நீதிமன்றம் 1992 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. மே 23 அன்று ஃபால்கோனேவும், 57 நாள்கள் கழித்து அவருடைய தோழரான நீதிபதி பாவ்லோ போர்செல்லினோவும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். முடிவு தெரிந்திருந்தும் அந்தப் பக்கங்களைப் படிக்கையில் நெஞ்சு கனத்தது. சக நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் ஃபால்கோனேவைப் படிப்படியாகத் தனிமைப்படுத்தியதை ஸ்டில் விவரிக்கும் அத்தியாயங்களே நூலின் உயிர். கட்சி உட்பூசல்களைச் சொல்லும் பகுதிகளில் மட்டும் பெயர்கள் மிகுந்து, நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டே படிக்க வேண்டியிருந்தது. மாஃபியாவை முதலில் அம்பலப்படுத்திய எழுத்தாளர்களில் ஒருவரான ஷாஷாவே 1987-இல் போர்செல்லினோவின் பதவி உயர்வைக் குறைகூறி நாளிதழில் எழுதினார் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

வாங்க நினைப்பவர்கள் நாவலை முதலில் படிக்கலாம். சிறிய நூல், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். வழக்கு சிதைந்துபோன செய்தியைப் பார்மாவில் கேட்ட பிறகும் சிசிலிக்குத் திரும்புவதென்று பெல்லோதி முடிவெடுக்கும் கடைசிப் பக்கத்தை மூடிய கையோடு, ஸ்டிலின் நூலைத் திறக்க வேண்டும்.