பன்னி ரூபாய் கொண்டு போன கதை: கும்பகோணம் காசுக்கடை

அப்பாயி போய் ஒரு வருஷம் கழிச்சு அவங்க டிரங்குப் பெட்டிய ஒழிச்சப்ப சுருக்குப்பைல ஆறு காசு கெடந்துச்சு, அதுல ஒண்ணு 1911 ஜார்ஜ் மன்னர் தல போட்ட ஒரு ரூபா. 1911னு பாத்ததும் லட்சத்துக்குப் போகும்னு யூடியூப்ல கத்துவானுங்களே அதெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு, ரெண்டு நாள் சரியா தூக்கம் இல்ல. மொதல்ல ஒரு நகைக்கடைல காட்டுனேன், தராசுல போட்டு வெள்ளி வெலைக்கு எடுத்துக்குறோம்னாங்க, வருஷம் என்னன்னுகூட பாக்கல. அப்புறம் மச்சான் சொல்லித்தான் பெரிய தெரு பக்கம் சந்துக்குள்ள பழைய காசப் பாத்து மதிப்பு சொல்ற இந்தக் கடைக்குப் போனேன்.

கடைன்னா ஒரு ஆள் நிக்கிற எடம், அவ்ளோதான். பைக் விட வழியே கெடையாது. காசு ஒண்ணுக்கு பாத்துச் சொல்ல 100 ரூபா.

ஆனா கடைக்காரப் பெரியவர் பாக்குற பார்வை இருக்கே! "ஓரத்தப் புடிங்க தம்பி, மூஞ்சில வெரல் படக்கூடாது"ன்னு மொதல்ல எனக்கு ஒரு டோஸ். காந்தம் வச்சாரு, ஒட்டல. எடை போட்டாரு, 11.5 கிராம் காட்டுச்சு. அடிச்சப்ப 11.66 இருந்திருக்கும், கைமாறித் தேஞ்ச காசுக்கு இது சரியாத்தான் இருக்குன்னாரு. அப்புறம் லென்ஸ என் கையிலயே குடுத்து மன்னர் அங்கில இருக்குற யானையப் பாருன்னாரு. 1911ல அடிச்சதுல அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையா விழுந்து பன்னி மாதிரி தெரிஞ்சதால முஸ்லிம்கள் மத்தியில எதிர்ப்பு வந்து, வெளிய விடாம வச்சிருந்ததையெல்லாம் உருக்கிட்டாங்களாம், 1912ல தும்பிக்கைய நீட்டி புதுசா அடிச்சாங்களாம். அதான் 1911க்கு மவுசு.

என் காசுல யானையும் இல்ல பன்னியும் இல்ல, ஒரு சின்ன மேடு. கிரீடத்துல கல்லெல்லாம் ஒண்ணா வழிஞ்சு கெடக்கு, காதுக்கு மேல முடி மொழுமொழுன்னு இருக்கு. காசு எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாத்து தர்ற தரத்துல "ஃபைன்" தான் தருவேன், அதுக்கு மேல இருக்குற "வெரி ஃபைன்" வராதுன்னுட்டாரு. கொஞ்சம் கஞ்சத்தனமோன்னு தோணுச்சு, ஆனா அடுத்து காட்டுனதப் பாத்ததும் வாயடச்சுப் போச்சு. தலைக்கு நேர் மேல ஓரத்துல இருக்குற பல்லு ஒரு எடத்துல மழுங்கிருக்கு, அங்க வளையம் பத்தவச்சு காசுமாலைல கோத்துட்டு பின்னாடி பேத்து எடுத்திருக்காங்க. இத்தன வருஷத்துல எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.

"இத புளி போட்டு வெளக்குனீங்களா?"ன்னு கேட்டாரு பாருங்க. ஆமா, காட்டப் போறோமே பளபளன்னு இருக்கட்டும்னு அம்மா மொத நாள்தான் புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சாங்க. வெளிச்சத்துல சாய்ச்சா முடி முடியா கீறல். கருப்பாவே கொண்டாந்திருந்தா இன்னும் கூட கெடைச்சிருக்குமாம். உருக்குனாலே சுத்த வெள்ளி 10 கிராமுக்கு மேல நிக்கும், வருஷத்துக்காக அதுக்கு மேல ஏதோ வரும், லட்சத்த மறந்துருன்னாரு.

இன்னொண்ணு ராமர் பட்டாபிஷேகம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818ல அடிச்சதுன்னு இருக்குற காசு. அத கையிலயே வாங்கல. கம்பெனி இப்படி ஒண்ண அடிக்கவே இல்ல, பூஜைக்கு வச்சுக்கன்னு திருப்பித் தள்ளிட்டாரு, நல்ல வேளையா அதுக்கு 100 ரூபா கேக்கல.

நான் இருக்கும்போதே ஒருத்தர் ராஜராஜன் செப்புக்காசு கொண்டு வந்தாரு. வயல்ல உழுதப்ப வந்துச்சுன்னு சொன்னதுதான் தாமதம், வெலையே பேசல, மண்ணுல புதைஞ்சு கெடச்சதுன்னா கலெக்டர்ட்ட சொல்லணும், 1878லேருந்து சட்டம் இருக்குன்னு அனுப்பிட்டாரு. எனக்கு அங்கதான் நம்பிக்கை வந்துச்சு.

குறையும் இருக்கு. நீங்களே எடுத்துக்குங்கன்னா அவர் சொன்ன மதிப்புல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தர்றாரு. அதனால மதிப்பு தெரிஞ்சுக்க மட்டும் போங்க, விக்கிறதுன்னா இன்னும் நாலு எடம் கேளுங்க. நான் விக்கல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஜிபே கெடையாது, சில்லறையா எடுத்துட்டுப் போங்க, 500 நோட்ட நீட்டுனா அதையும் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாக்குறாரு.