காண்டசாவுக்குப் புது கேஸ்: சில கோடைகளுக்குப் பிறகு

அப்பச்சி வாங்கிய 1992 மாடல் காண்டசா கார் காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. கல்யாணம், காரியம், பிள்ளையார் நோன்பு என்று நாங்கள் ஊருக்குப் போனால்தான் வெளியே வரும். அதன் ஏ.சி. ஆர்-12 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடியது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த கேஸை 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓரங்கட்டியது. 2010-க்குள் நம் நாட்டிலும் ஏ.சி.க்காக அதைத் தயாரிப்பது நின்றுவிட்டது. நான் அதற்குப் பதிலாக வந்த 134ஏ கேஸுக்கு மாற்றி நாலைந்து கோடை ஓடிவிட்டது. இனி நல்லது கெட்டதைத் தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் விசாரித்த கடையில், "பழசை வெளியே விட்டுட்டுப் புதுசை அடிச்சாப் போதும்" என்றார்கள். இன்னொரு இடத்தில், ஆர்-12-க்குப் பதில் அப்படியே போடலாம் என்று ஏதோ ஒரு மலிவு சிலிண்டரைக் காட்டினார்கள். அது புரொப்பேன் கலவை. தீப்பிடிக்கும் சரக்கு. கூலிங் காயிலோ டேஷ்போர்டுக்கு உள்ளே, நம் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. லீக்கானால் என்ன ஆகும்? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் அமைந்தார். அவர் கேஸைப் பற்றிப் பேசவே இல்லை, ஆயிலைப் பற்றித்தான் பேசினார். ஆர்-12-உடன் மினரல் ஆயில் கலந்து ஓடும். 134ஏ-உடன் அது கலக்காது. ஆயில் காயிலிலேயே தங்கிவிட, கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் வறண்டு ஜாம் ஆகிவிடும். கம்ப்ரஸரைக் கழற்றி, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் கவிழ்த்தார். "பாருங்கண்ணே, இது எப்படி இருக்கணும், எப்படி இருக்கு!" தெளிவாக இருக்க வேண்டியது காபி டிகாஷன் மாதிரி இறங்கியது. எவ்வளவு ஃப்ளஷ் செய்தாலும் பழைய ஆயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பதால், அதைச் சகித்துக்கொள்ளும் எஸ்டர் ஆயிலை ஊற்றினார்.

ஈரத்தை உறிஞ்சும் டிரையர், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ-ரிங் எல்லாம் புதிது. 134ஏ-யின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸ் வழியாகவே கசியும். அதனால் உள்ளே கசிவைத் தடுக்கும் படலம் உள்ள பேரியர் ஹோஸ் வாங்கிப் பழைய முனைகளிலேயே அழுத்திக் கிரிம்ப் செய்தோம்.

பர்ஸைப் பதம் பார்த்தது, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர். இது தேவையா என்று நானும் இழுத்துப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. கண்டன்சர் 60 டிகிரி சூட்டுக்குப் போனால் புது கேஸின் அழுத்தம் ஆர்-12-ஐவிட ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதல். பழைய குழாய்க் கண்டன்சர் அந்த வெப்பத்தை வெளியேற்றத் திணறும். கேஸ் பல தட்டைக் குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடும் பாரலல் ஃப்ளோ கண்டன்சரும் முன்னால் ஒரு மின்விசிறியும் வைத்தோம். அழுத்தம் எகிறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் ஸ்விட்ச்சும் உண்டு. இத்தனை செலவில் எது நியாயம் என்று கேட்டால், கண்டன்சரைத்தான் சொல்வேன்.

கேஸை எடை போட்டு, பழைய அளவில் 80 முதல் 85 சதவீதம் மட்டுமே ஏற்றினார். டிரையரில் கேஸ் ஓட்டத்தைப் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியில் குமிழி தெரிந்துகொண்டிருந்தது. ஆர்-12 காலத்தில் குமிழி மறையும் வரை ஏற்றுவார்கள். மாற்றிய வண்டியில் அப்படிச் செய்தால் கேஸ் அளவுக்கு மீறிப் போய்விடும்.

சரி, கூலிங் எப்படி? திருமயம் தாண்டி திருச்சி ரோட்டில் ஓடும்போது குறையே இல்லை. பின்சீட்டில் இருக்கும் ஆச்சி, "கொஞ்சம் குறைப்பா, காது அடைக்குது" என்பார். ஆனால் கத்திரி வெயிலில் பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் வண்டி நின்றால் வென்ட்டில் வரும் காற்று 15 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. இந்த இடத்தில் ஆர்-12 கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் மறுபடி இறங்கும். அப்புறம், நம் ஊர்ச் செம்மண் புழுதி. கண்டன்சர் இடுக்கில் அப்பிக்கொண்டால் கூலிங் போச்சு. இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன், பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிவிடும்.

இடையில் ஒரு தடவை கேஸ் இறங்கியது. ஹோஸ் என்று நினைத்தோம், பார்த்தால் கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல். வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றால் சீலில் ஆயில் வற்றிப்போகிறது. சீலை மாற்றிய பிறகு, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருநாள் இன்ஜினை ஓட்டி ஏ.சி.யைப் பத்து நிமிடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து கேஸ் இறங்கவில்லை.