கோரை மண்டிய கரிசல்: ரோட்டவேட்டரா, களைக்கொல்லியா, கோடை உழவா?

இறுகிப்போன கரிசல் புஞ்சையில் கோரைக் களையும் மண்டிவிட்டால், பலரும் முதலில் கூப்பிடுவது, டிராக்டரில் பூட்டிய சுழல் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரைத்தான். முதலில் இறக்கக் கூடாததும் அதுதான்.

கோரைக் கிழங்குகள் மண்ணுக்குள் சரம் சரமாகக் கோத்திருக்கும். சரம் அறாதவரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கும். ரோட்டவேட்டர் கத்தி சரத்தைத் துண்டாக்கியதும் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். இரண்டே வாரத்தில் காடு முன்னைவிடப் பச்சையாகிவிடும். கத்தி இறங்குவதும் 10-15 செ.மீ. தான். ஈரத்தில் ஓட்டினால் அதற்குக் கீழே மண் மெழுகினாற்போல் இறுகும். பொடியான மேல்மண் மழைக்குப் பிறகு ஓடு கட்டி, விதையை மேலே வரவிடாது.

கிளைபோசேட் 41% களைக்கொல்லி மருந்து கிழங்கு வரை இறங்கும். லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி., கூடவே 20 கிராம் அம்மோனியம் சல்பேட். பயிர் இல்லாத நிலத்தில், பூக்குமுன், இலை செழித்திருக்கும்போது அடிக்க வேண்டும். கலங்கிய குளத்துத் தண்ணீரில் கலந்தால் களிமண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், வேலை செய்யாது. இலை விடாமல் உறங்கும் கிழங்குக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இதை அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவிட்டது. மண் இறுக்கத்துக்குக் களைக்கொல்லியால் ஒரு பயனும் இல்லை.

எங்கள் தேர்வு கோடை உழவு. பங்குனியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பையை 40 செ.மீ. ஆழத்தில், அரை மீட்டர் இடைவெளியில், நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டுங்கள். காய்ந்தால்தான் அடி இறுக்கம் நொறுங்கும். ஈரத்தில் உளி வெறும் கீறல்தான் போடும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். சித்திரை மழைக்குப் பின், பிடித்த மண்ணுருண்டை கீழே போட்டால் உதிரும் பதத்தில் சட்டிக் கலப்பையால் புரட்டுங்கள். கட்டிகளை உடைக்க வேண்டாம். இரண்டு வாரம் வெயில் காய்ந்தால் மேலே வந்த கிழங்குகள் சாகும். நடுவில் மழை பெய்தால் மிச்சம் துளிர்க்கும். துளிர்த்ததும் குறுக்கே மறு உழவு போடுங்கள்.

மண்ணை இளக்க ஜிப்சம் போடுவது பெரும்பாலும் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான். மண் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள். எல்லா நிலத்துக்கும் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் உதவும். தண்ணீர் வசதி இருந்தால் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். அதன் அடர்ந்த நிழலில் கோரை நலியும். 45 நாளில், பூக்கும் தறுவாயில், தக்கைப்பூண்டை மடக்கி உழத்தான் ரோட்டவேட்டர். அப்போதும் கோரை தெரிகிற மூலைகளில் இறக்காமல், கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.