ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லையா? ஹாலஜன், எச்ஐடி, எல்இடி: எதை மாட்டலாம்?

இரவில் ரோடு தெரியவில்லை என்றதும் பலரும் முதலில் பார்ப்பது, பல்ப் தரும் மொத்த ஒளியைச் சொல்லும் லூமென் எண்ணை. பெட்டியில் 20,000 லூமென் என்று போட்டிருக்கும், காரோடு வந்த எச்4 வகை ஹாலஜன் பல்ப் ஹை பீமில் சுமார் 1650, லோ பீமில் 1000 லூமென்தான், அப்புறம் என்ன யோசனை என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி எண்களை நான் நம்புவதே இல்லை. அது உண்மையாகவே இருந்தாலும், வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்க்காமல் பல்பைத் தேர்வு செய்யக் கூடாது.

எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. லோ பீம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும், கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை அது தடுப்பதால்தான் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஒளி எகிறுவதில்லை. பல்பின் ஒளியை ரோட்டுக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வளைவு மொத்தமும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே பீம் சிதறிவிடும். கீழே வரும் எல்லா வகைகளையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வாட் கூட்டுவது பழைய வழி, ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட் என்ற 60/55க்குப் பதிலாக 100/90. வெளிச்சம் கூடும்தான், ஆனால் ஹை பீமில் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர் ஓடிய ஒயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். சுவிட்ச், கனெக்டர், ரிஃப்ளெக்டர் பூச்சு எல்லாம் சூட்டில் கெடும். பல நாடுகளில் பொதுச் சாலையில் இதற்கு அனுமதியும் இல்லை. என்னைக் கேட்டால் வேண்டாம்.

அதே வாட்டில் வரும் உயர்ரக ஹாலஜன் நல்ல தேர்வு. பெட்டியில் '150 சதவீதம் கூடுதல்' என்று இருந்தால், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, ரோட்டின் குறிப்பிட்ட பகுதியில் விழும் வெளிச்சத்தைச் சொல்கிறார்கள், மொத்த வெளிச்சம் அவ்வளவு கூடாது. இழை அதிகச் சூட்டில் எரிவதால் ஆயுளும் குறைவு. ஆனாலும் பீம் வடிவம் கெடாது. நீலப் பூச்சு போட்ட 'வெள்ளை' ஹாலஜனை மட்டும் தொடாதீர்கள், அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை வடிகட்டி விழுங்கிவிடுகிறது.

இங்கே யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஹாலஜனுக்கு வந்து சேரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். பழைய கார்களில் மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த், தேய்ந்த சுவிட்ச் என்று வழியிலேயே வோல்டேஜ் கரைகிறது. இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியிலும் பல்ப் கனெக்டரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே ஒயரிங்கை ஃபியூஸோடு போடுங்கள், பழைய பல்பே வேறு பல்ப் மாதிரி எரியும். ஹெட்லைட்டின் முன்மூடி மஞ்சளாகி மங்கியிருந்தால் அதையும் பாலிஷ் செய்துவிடுங்கள், அதைச் செய்யாமல் எந்தப் பல்ப் போட்டும் பயனில்லை.

எச்ஐடி என்பது இழைக்குப் பதிலாக வாயுவில் மின்வில் எரியும் விளக்கு. அந்தத் தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. 1991இல் பிஎம்டபிள்யூ 7 சீரீஸில் அறிமுகமானது, 35 வாட்டில் சுமார் 3200 லூமென் தரும். ஆனால் அதற்கென்றே செய்த ஹெட்லைட்டுக்குள் இருக்கும்போதுதான் அது அழகு. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எச்ஐடி கிட்டைத் திணித்தால், பெரும்பாலும் அந்த உலோகக் கிண்ணம் செய்த வேலையைச் செய்ய எதுவும் இருக்காது, எதிரே வருபவருக்குச் சில நொடிகள் ரோடே தெரியாது. பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட் வரை போகும் பல்லாஸ்ட்டை (எச்ஐடிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இன்ஜின் சூட்டில் மலிவாகப் பொருத்துவதும் நல்லதல்ல.

எல்இடி மாற்று பல்புதான் இப்போது எல்லோரும் கேட்பது. மின்சாரம் குறைவு, போட்ட நொடியில் முழு வெளிச்சம். ஆனால் இழை சுற்றிலும் ஒளி வீசும், எல்இடி சில்லுகளோ ஒரு பட்டையின் இரு பக்கம் மட்டும் வீசும். பட்டை மெல்லியதாக, சில்லுகள் இழை இருந்த அதே இடத்தில் இருந்தால் ஓரளவு ஒத்துவரும். தடிமனான பட்டை என்றால் பீமில் கரும்புள்ளிகளும் சிதறலும் வரும். பின்னாலிருக்கும் விசிறிக்கு இடம் இல்லாமல் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே தூசியும் ஈரமும் சேரும். சூடேறினால் வெளிச்சம் இறங்கும், ஆகவே போட்டவுடன் பார்த்து முடிவு செய்யாமல் அரை மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். ஜெர்மனியில் 2020இல் ஆஸ்ராம் நிறுவனத்தின், எச்7 என்ற இன்னொரு வகைக்கான எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தபோதுகூட, குறிப்பிட்ட கார்களின் குறிப்பிட்ட ஹெட்லைட்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஒரு காரில் அருமையாக இருக்கும் பல்ப் இன்னொன்றில் படுமோசமாக இருப்பது இதனால்தான்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. மோசமான எல்இடி, காருக்கு முன்னால் சில மீட்டரில் வெள்ளை வெளேரென்று கொட்டும், 'ஆஹா' என்று தோன்றும். ஆனால் அந்தப் பிரகாசத்துக்குக் கண் பழகிவிடுவதால் தூரத்தில் நிற்பது இன்னும் இருட்டாகிவிடும். வேகமாகப் போகும்போது உயிரைக் காப்பது தூரத்து வெளிச்சம்தான்.

செலவு செய்யத் தயார் என்றால் பல்பை விட்டுவிட்டு ஹெட்லைட்டுக்குள், லென்ஸ் வழியே ஒளியைக் குவிக்கும் புரொஜெக்டரே மாற்றலாம். கைதேர்ந்தவர் செய்தால் இதற்கு இணை இல்லை, ஆனால் திறந்த ஹெட்லைட்டைத் திரும்ப ஒட்டுவது சரியில்லை என்றால் உள்ளே நீர் கோக்கும். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ரிஃப்ளெக்டர் உள்ள கார் என்றால் என் வரிசை இதுதான்: பாலிஷ், ரிலே, நல்ல ஹாலஜன். அதுவும் போதாவிட்டால் மட்டும், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் எல்இடி. எதைப் போட்டாலும் சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டரில் காரை நிறுத்தி லோ பீமைப் பாருங்கள். பல கார்களுக்கு 1 சதவீதச் சரிவுதான் அளவு, அதாவது வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. கீழே விழ வேண்டும். விளிம்பு மேலே ஏறியிருந்தால் திருகைத் திருப்பி இறக்கிவிடலாம். விளிம்பே இல்லாமல் கலங்கலாக இருந்தால் எந்தத் திருகாலும் சரியாகாது, அந்தப் பல்பைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.